சுவருக்குள் மறைந்த தவறான வயரிங்: அறிகுறியிலிருந்து பிழையைத் தேடும் முறை

மரக்கட்டையின் மேல் வயரை வரிசையாகக் கிளிப் அடித்துக் கொண்டுபோன பேட்டன் வயரிங் காலத்து வீடுகளுக்கு ஒரு நன்மை இருந்தது. வேலை நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறதா இல்லையா என்பது அண்ணாந்து பார்த்தாலே தெரிந்துவிடும். சுவரைக் காடி வெட்டி, பி.வி.சி. பைப் பதித்து, அதற்குள் வயர் இழுத்துப் பூசிவிடும் இன்றைய முறையில் அந்த வாய்ப்பு இல்லை. பூச்சு காய்ந்து பெயின்ட் அடித்த பிறகு, முறையாகச் செய்தவரின் சுவரும், கொத்தனார் வேலையோடு வயரிங்கையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றவரின் சுவரும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு சில ஆண்டுகள் கழித்து ஒரு நாற்றமாகவோ, ஒரு சுருக் என்ற அதிர்ச்சியாகவோ, காரணமின்றி விழும் டிரிப்பாகவோதான் வெளியே வரும். அந்த அறிகுறிகளைக் கொண்டு உள்ளே என்ன நடந்திருக்கலாம் என்று எப்படிச் சுருக்கி வருவது, வீட்டுக்காரர் எதுவரை தாமே பார்க்கலாம், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பவற்றைத் தமிழ்நாட்டு வீடுகளில் நான் பார்த்த வேலைகளை வைத்து எழுதுகிறேன்.

கை வைப்பதற்கு முன்

மெயினை இறக்கிவிட்டால் வீட்டில் கரண்ட் இல்லை என்ற எண்ணம் இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் பொய். மெயின் இறங்கிய நொடியே இன்வெர்ட்டர் தன் பேட்டரியிலிருந்து விளக்கு, மின்விசிறி வயர்களுக்கு அதே 230 வோல்ட்டைக் கொடுக்கத் தொடங்கிவிடும். அனுபவமில்லாதவர் செய்த வயரிங்கில் இன்வெர்ட்டர் வயர் எந்தப் பைப்பில், எந்த போர்டு வழியாகப் போகிறது என்பதற்கு ஒழுங்கே இராது. ஆகவே மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் நிறுத்த வேண்டும். இன்வெர்ட்டரின் முன்பக்கச் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சில இன்வெர்ட்டர்களில் அந்தச் சுவிட்ச் பேட்டரி வழியை மட்டுமே நிறுத்தும். மின்வாரிய சப்ளை இருக்கும்போது அது உள்ளே நுழைந்து அப்படியே வெளியே போய்க்கொண்டிருக்கும். அதன் பிளக்கையும் பிடுங்கிவிடுவது நல்லது.

வயரின் நிறத்தையும் நம்ப வேண்டாம். சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸுக்கு, கறுப்பு நியூட்ரலுக்கு, பச்சை எர்த்துக்கு என்பது முறை. கையில் மீந்த வயரை வைத்து வேலையை முடித்த இடத்தில் பச்சை வயரில் ஃபேஸ் வருவதை ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். சட்டைப்பையில் வைத்திருக்கும் நியான் டெஸ்டரும் அரைகுறைச் சாட்சிதான். பக்கத்து வயரின் தூண்டலாலேயே அது மங்கலாக எரியும். பிளக் துளைகளில் அளந்து பார்க்க ஒரு மல்டிமீட்டரையும் அதைப் பிடிக்கத் தெரிந்த கையையும் வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பைப் பிரிப்பதும், போர்டைக் கழற்றுவதும், சுவரைத் திறப்பதும் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று பெற்ற வயர்மேனின் வேலை.

அறிகுறி: சுவரையோ குழாயையோ தொட்டால் அதிர்ச்சி

இதில் பொறுத்திருந்து பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. மெயினையும் இன்வெர்ட்டரையும் உடனே நிறுத்துங்கள். அதற்கு முன் அந்த இடத்தை மறுபடி தொட்டு உறுதிசெய்ய முயலாதீர்கள்.

குளியலறைக் குழாயில் அதிர்ச்சி என்றால் முதல் சந்தேகம் கீசர். அதன் காயில் பழுதாகி, கூடவே எர்த்தும் இல்லாதபோது தண்ணீரும் குழாயும் மின்சாரத்தைச் சுமக்கும். கீசர் பிளக்கைப் பிடுங்கி ஓரமாக வைத்த பின்னும் குழாயில் மின்சாரம் இருப்பதாக வயர்மேன் மீட்டரில் அளந்து சொன்னால் பிழை சுவருக்குள் இருக்கிறது. ஈரம் ஊறிய சுவரில் அதிர்ச்சி வருவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு. பைப்பே இல்லாமல் வயரைக் காடிக்குள் வைத்துச் சிமென்ட் பூசியிருப்பார்கள். அல்லது படத்துக்கு அடித்த ஆணி வயரின் உறையைக் கிழித்து உள்ளே நிற்கும். பின்னதற்கும் மூலகாரணம் பெரும்பாலும் முதலில் வேலை செய்தவர்தான். முறை தெரிந்தவர் பைப்பைச் செங்குத்தாகவோ கிடைமட்டமாகவோதான் கொண்டுபோவார். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே ஆணி அடிக்கக் கூடாது என்பதை வீட்டிலுள்ளவர்களும் ஊகித்துக்கொள்ளலாம். பைப் மிச்சம் பிடிக்கக் குறுக்குவாட்டில் காடி வெட்டிய சுவரிலோ ஆணி அடிப்பதற்குப் பத்திரமான இடம் என்று எதையும் சொல்ல முடியாது.

அறிகுறி: ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது

வயர்மேனுக்கு அதிகத் தலைவலி தருவதும், வீட்டுக்காரர் பொறுமையிழந்து மிக மோசமான முடிவை எடுப்பதும் இங்கேதான். 'டைரக்ட் கொடுத்துவிடுங்கள்' என்று சொல்லி ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி இணைப்புக் கொடுக்கச் செய்தவர்கள் பலர். வீடுகளில் போடும் இந்தக் கருவி, ஃபேஸ் வழியாகப் போன மின்னோட்டத்துக்கும் நியூட்ரல் வழியாகத் திரும்பிய மின்னோட்டத்துக்கும் இடையே 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு வருவதற்குள் அணைந்துவிடும். அதாவது எங்கோ மின்சாரம் வேறு வழியில் வெளியேறுகிறது என்று அது சொல்கிறது. அந்த வழி நாளை உங்கள் உடலாகவும் இருக்கலாம்.

தேடும் முறை இது. முதலில் வீட்டிலுள்ள எல்லாப் பிளக்குகளையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்பார்கள். சுவிட்ச் ஃபேஸை மட்டுமே துண்டிக்கிறது, நியூட்ரல் வழியாகக் கசியும் கருவியை அது காட்டிக்கொடுக்காது. பிறகு டி.பி. பாக்ஸில் (மின்சாரம் ஒவ்வொரு வரிசைக்கும் பிரியும் பெட்டி) எல்லா எம்.சி.பி.களையும் (சுமை மிகுந்தாலோ ஷார்ட் ஆனாலோ தானே விழும் சுவிட்சுகள்) இறக்கி, ஆர்.சி.சி.பி.யை மேலே தூக்குங்கள். நின்றால், எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தச் சர்க்யூட்டில் பிழை. பிளக்குகள் எதுவும் மாட்டாத நிலையிலேயே விழுந்தால் சுவருக்குள் உள்ள வயரோ அதில் நிலையாக மாட்டிய விளக்கு, மின்விசிறியோதான் காரணம். எம்.சி.பி.கள் அனைத்தும் இறங்கியிருக்கும்போதும் நிற்க மறுத்தால், எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கின்றன அல்லது ஆர்.சி.சி.பி.யே பழுது. சாதாரண ஒற்றை எம்.சி.பி. நியூட்ரலைத் துண்டிப்பதில்லை என்பதால், வயர்மேன் நியூட்ரல் லிங்கிலிருந்து ஒவ்வொரு வயராகக் கழற்றித்தான் அதைப் பிடிக்க முடியும்.

மழைக்காலத்தில் மட்டும் விழுகிறது என்றால் வழி சற்று எளிது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டைமாடித் தளத்தில் இறங்கும் நீர், தளத்துக்குள் பதித்த பைப்பில் புகுந்து, அதுவே ஒரு வாய்க்கால்போலக் கீழே உள்ள போர்டு வரை வந்து சேரும். பைப்பில் தண்ணீர் நிற்பதாலேயே உறை கெடாத வயர் கசிந்துவிடாது. நடுவில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்று அந்தத் தண்ணீரில் கிடந்தால்தான் கசியும். ஆகவே மழையில் விழும் ஆர்.சி.சி.பி. கசிவை மட்டுமல்ல, பைப்புக்குள் ஜாயின்ட் இருக்கலாம் என்பதையும் சேர்த்தே தெரிவிக்கிறது. இதை உறுதிசெய்ய வயர்மேன் 500 வோல்ட் மெகர் (வயர் உறையின் காப்புத் தடையை அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு வயருக்கும் எர்த்துக்கும் இடையே அளப்பார். குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். எல்.இ.டி. விளக்குகளையும் மின்னணு ரெகுலேட்டர்களையும் கழற்றாமல் மெகர் போட்டால் அவை கெட்டுப்போகும். கழற்றுகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு விளக்கைப் போட்டால் மட்டும் விழுகிறது என்றால், அது பெரும்பாலும் கசிவே அல்ல, கடன் வாங்கிய நியூட்ரல். மாடிப்படி விளக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கீழும் மேலும் ஒரே விளக்கை இயக்கும் இரட்டைச் சுவிட்ச் வைக்கும்போது, வயர் மிச்சம் பிடிப்பதற்காகக் கீழ்த்தளத்து போர்டிலிருந்து ஃபேஸையும், விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று மேல்தளத்து போர்டிலிருந்து நியூட்ரலையும் எடுத்துவிடுவார்கள். விளக்கு நன்றாகவே எரியும். பிறகு மாடியை வாடகைக்கு விட்டு, தனி மீட்டர் வாங்கி, இரண்டுக்கும் ஆர்.சி.சி.பி. மாட்டும் நாளில் கீழே போன மின்னோட்டம் மேலே திரும்புவதை அவை கண்டுபிடித்து விழத் தொடங்கும். டிரிப் ஆவது தொல்லைதான், ஆனால் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மேல்தளத்து மெயினை இறக்கிவிட்டு நியூட்ரலைப் பிரிப்பவரின் கையில், கீழ்த்தளத்து மின்சாரம் அந்த விளக்கின் வழியாக வந்து நிற்கும். இன்வெர்ட்டர் நியூட்ரலையும் ஆர்.சி.சி.பி.க்குப் பிந்தைய நியூட்ரலையும் ஒரே கட்டாகக் கட்டிவைத்த வீடுகளிலும் இதே கதைதான். இன்வெர்ட்டர் புதிதாக வைத்த வாரத்திலிருந்து டிரிப் ஆகிறது என்று யாராவது சொன்னால் நான் வேறெதையும் பார்ப்பதற்கு முன் நியூட்ரல் கட்டைத்தான் பார்ப்பேன்.

அறிகுறி: கருகிய நாற்றம், சூடான சுவிட்ச் போர்டு, கிர் என்ற சத்தம்

ஒரு வீட்டில் சமையலறைச் சுவரில் உள்ளங்கை அளவுக்குப் பெயின்ட் லேசாகப் பழுப்பேறியிருந்தது. தாளிப்புப் புகை என்று இரண்டு முறை துடைத்து, ஒரு முறை பெயின்டும் அடித்திருக்கிறார்கள். கிரைண்டரும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஓடும்போது அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருப்பதை வீட்டிலிருந்த பாட்டியம்மாதான் முதலில் சொன்னார். திறந்து பார்த்தபோது, பைப்பை அறுத்து, இரண்டரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரோடு ஒன்று ஸ்கொயர் வயரை விரலால் முறுக்கிச் சேர்த்து, அதன் மேல் சுற்றிய டேப் இளகி வழிந்து பிசினாகியிருந்தது. செம்பு கறுத்து, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. பைப்பின் உள்பக்கம் கருகி உட்குழிந்திருந்தது. ஜங்ஷன் பாக்ஸ் கிடையாது; ஜாயின்ட்டின் மேல் நேராகச் சிமென்ட். பக்கத்து அறைக்குப் பிளக் வேண்டும் என்று உறவினர் ஒருவரை வைத்து ஒரே நாளில் முடித்த வேலையாம்.

இந்தப் பிழையின் கொடுமை என்னவென்றால், வீடுகளில் வழக்கமாக மாட்டும் எந்தப் பாதுகாப்புக் கருவியும் இதைப் பார்ப்பதில்லை. தளர்ந்த ஜாயின்ட்டில் அரை ஓம் தடை உண்டாகி, 10 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு புள்ளியில் மட்டும் 50 வாட் வெப்பம் பிறக்கும். ரேடியோ கடைக்காரர் ஈயம் உருக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட். அப்படி இரண்டு இரும்புகள் சுவருக்குள் மணிக்கணக்கில் எரிந்துகொண்டிருப்பதற்குச் சமம். சாதாரண பி.வி.சி. உறை தாங்குவதோ 70 டிகிரி செல்சியஸ். எம்.சி.பி.யைப் பொறுத்தவரை ஓடுவது 10 ஆம்பியர்தான், அது விழாது. ஆர்.சி.சி.பி.யைப் பொறுத்தவரை போனது திரும்பி வந்துவிட்டது, அதுவும் விழாது. மீந்திருக்கும் உணர்கருவிகள் உங்கள் மூக்கும் கையும் காதும்தான்.

ஆகவே மீன் வாடை போலவோ பிளாஸ்டிக் கருகும் வாடை போலவோ வந்தால், அது எந்தச் சாதனம் ஓடும்போது வருகிறது என்று குறித்துக்கொண்டு அந்தச் சர்க்யூட்டின் எம்.சி.பி.யை இறக்கிவிடுங்கள். வாடை இன்னும் வராமல் போர்டு சூடாவதோ கிர் சத்தமோ மட்டும் இருந்தால், மல்டிமீட்டர் வைத்திருப்பவர் நிறுத்துவதற்கு முன் ஒரே ஒரு சோதனை செய்யலாம். அந்த வரிசையிலுள்ள வேறொரு பிளக்கில் அளந்தபடியே பெரிய சாதனம் ஒன்றைச் சில நொடிகள் மட்டும் போடச் சொல்லுங்கள். 230 வோல்ட் 227 ஆனால் இயல்பு. 215க்குச் சரிந்தால், வேறொரு சர்க்யூட்டின் பிளக்கிலும் அதே நேரம் அளந்து பாருங்கள். அங்கும் சரிந்தால் பிழை மெயின் பக்கம் அல்லது தெருவில். அங்கு சரியாமல் இங்கு மட்டும் சரிந்தால் வழியில் எங்கோ அந்த வோல்ட்டேஜ் வெப்பமாகிக்கொண்டிருக்கிறது. வாடை ஏற்கெனவே வந்துவிட்ட சர்க்யூட்டில் இந்தச் சோதனையும் வேண்டாம்.

போர்டைத் திறந்து திருகை முடுக்கினாலே சரியாகும் தளர்ச்சியும் உண்டு என்பதால், சுவரை உடைப்பதற்கு முன் வயர்மேன் அதை முதலில் பார்க்க வேண்டும். அலுமினிய வயர் போட்ட பழைய வீட்டில் செம்பு வயரை முறுக்கி நீட்டியிருந்தால் மட்டும் முடுக்குவதில் பயனில்லை. அந்த இரண்டு உலோகங்களும் நேரடியாகச் சேர்ந்த இடம் அரித்துக்கொண்டே போகும்.

அறிகுறி: பிளக்கின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிகிறது, எதுவும் ஓடவில்லை

'ரிட்டர்ன் வருகிறது' என்று வயர்மேன்கள் சொல்வது இதைத்தான். நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. சுவிட்ச் போட்ட நிலையிலுள்ள ஒரு சாதனத்தின் வழியாக ஃபேஸ் நியூட்ரல் வயருக்குள் வந்து நிற்கிறது. ஒரு அறையில் மட்டும் இப்படி என்றால் அந்த வரிசையில் சுவருக்குள் ஜாயின்ட் விட்டுப்போயிருக்கிறது.

இதோடு சேர்ந்து இன்னொரு தவறும் இருந்தால் உயிருக்கே ஆபத்து. எர்த் வயர் இழுக்காமல், மூன்று பின் சாக்கெட்டின் எர்த் முனையை அதே சாக்கெட்டின் நியூட்ரலோடு ஒரு துண்டு வயரால் இணைத்துவிடும் பழக்கம் உண்டு. ஃபிரிட்ஜில் லேசான அதிர்ச்சி என்று புகார் வந்தால் அதை உடனே நிறுத்திக் காட்ட இது வசதியான தந்திரம். நியூட்ரல் ஒழுங்காக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. சுவருக்குள் நியூட்ரல் விட்டுப்போகும் நாளில் ஃபிரிட்ஜின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் நிற்கும், அதுவும் ஃபிரிட்ஜில் எந்தப் பழுதும் இல்லாமல். இதைக் கண்டுபிடிக்க, அதே வரிசையில் இஸ்திரிப்பெட்டி போன்ற பெரிய சாதனம் ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள். உண்மையான எர்த் என்றால் ஓரிரு வோல்ட் வேறுபாடு தெரியும். அசையாமல் பூஜ்யமே காட்டினால் இரண்டும் உள்ளே ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன என்று சந்தேகித்து, சாக்கெட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.

வீடு முழுவதும் சில விளக்குகள் பளீரென்றும் சில மங்கலாகவும் எரிந்தால், மும்முனை இணைப்பின் நியூட்ரல் போய்விட்டது என்று பொருள். ஒரு ஃபேஸிலுள்ள சாதனங்களுக்கு 400 வோல்ட் வரை ஏறக்கூடும். மெயினை இறக்கிவிட்டு, பக்கத்து வீட்டிலும் அப்படியா என்று கேளுங்கள். அங்கும் அப்படியே என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 என்ற எண்ணில் அழையுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் மீட்டர் போர்டு முதல் மெயின் வரை நியூட்ரல் முனைகளை வயர்மேன் பார்க்க வேண்டும்.

அறிகுறி: எம்.சி.பி. சில நிமிடங்கள் கழித்து விழுகிறது

போட்டவுடன் டப் என்று விழுந்தால் ஷார்ட். ஐந்து பத்து நிமிடம் ஓடிவிட்டு விழுந்தால் சுமை அதிகம். 2,000 வாட் கீசர் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் எடுக்கும். அதே வரிசையில் 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் 1,000 வாட் இஸ்திரிப்பெட்டியும் சேர்ந்தால் 21 ஆம்பியரைத் தாண்டும். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுவது அதன் கடமை. அதைக் கழற்றி 32 ஆம்பியர் மாட்டிக் கொடுத்து, 'இனி விழாது சார்' என்று சொல்லிப் போகிறவர் பொய் சொல்லவில்லை; இனி அது விழாது, அதற்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் ஒன்றரை ஸ்கொயர் வயர் ஃப்யூஸாக வேலை செய்யும். டி.பி. பாக்ஸில் தெரியும் வயர் தடிமனாக இருக்கிறதே என்று தேற்றிக்கொள்ளவும் முடியாது. முனையில் இரண்டரை, நடுச்சுவரில் ஒன்று என்று ஜாயின்ட் போட்டிருப்பதை மேலே சொன்ன சமையலறையிலேயே பார்த்தோம். கீசருக்கும் ஏ.சி.க்கும் டி.பி. பாக்ஸிலிருந்து தனி வயர், வயருக்கு ஏற்ற எம்.சி.பி. என்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து கிடையாது.

அறிகுறி: அணைத்த பிறகும் எல்.இ.டி. விளக்கு மங்கலாக எரிகிறது

சுவிட்சில் சிறு இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியாக வரும் கசிவாக இருக்கலாம். நீண்ட தூரம் ஒரே பைப்பில் போகும் வயர்களின் தூண்டலாகவும் இருக்கலாம். இவை தொல்லையற்றவை. ஆனால் சுவிட்சை ஃபேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். அப்போது விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் ஃபேஸ் இருக்கும். எது என்று வயர்மேன் பார்த்துச் சொல்லும்வரை, அந்த வீட்டில் பல்பு மாற்றும்போது சுவிட்சோடு எம்.சி.பி.யையும் இறக்கிக்கொள்ளுங்கள், இன்வெர்ட்டர் விளக்கு என்றால் அதையும்.

சுவரைத் திறந்தால்

பிழை சுவருக்குள்தான் என்று முடிவானால், முதலில் பழைய வயரை உருவிப் பார்க்கச் சொல்லுங்கள். முறையாகப் பைப் பதித்திருந்தால் ஒரு முனையில் புது வயரைக் கட்டி மறுமுனையில் இழுத்துவிடலாம், சுவரில் கீறல்கூட விழாது. இழுக்க வராத வயர் நேராகச் சிமென்ட்டில் புதைந்திருக்கிறது அல்லது நடுவில் ஜாயின்ட் பைப்பில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த வயரைப் பழுதுபார்க்க நினைக்காமல், இரண்டு முனைகளிலும் துண்டித்து, முனைகளை மூடி, புதிய வழியில் புதிய பைப் போடுவதே சரி. சுவரின் அழகு கெடுமே என்று வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு வெளியே தெரியும்படி பி.வி.சி. பட்டைக்குள் வயர் கொண்டுபோகச் சொல்வேன். பார்க்கச் சுமார்தான், ஆனால் அதில் ஒன்றும் ஒளிந்துகொள்ளாது.

ஜாயின்ட் தவிர்க்கவே முடியாவிட்டால், திறந்து பார்க்கக்கூடிய மூடியுள்ள ஜங்ஷன் பாக்ஸுக்குள், திருகு கனெக்டரில் போட வேண்டும். அந்த மூடியின் மேல் பூச்சோ வால்பேப்பரோ வரக் கூடாது. காடியை மூடும் முன், டேப்பைச் சுவரில் நீட்டிவைத்து, தரையிலிருந்தும் வாசல் நிலையிலிருந்தும் பைப் எத்தனை அடியில் போகிறது என்று தெரியும்படி ஒவ்வொரு சுவரையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அந்தப் படங்களின் அச்சுப் பிரதி ஒன்றை டி.பி. பாக்ஸின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டச் சொல்வது என் வழக்கம். வீடு கைமாறும்போது கைபேசி கூடவே போய்விடும், கதவு போகாது.